‘இல்லை’ என்னும் பெயர்: மார்பகப் புற்றுநோய் வகைகள் உருவான வரலாறு

மார்பகப் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்ட ஒருவரின் நோயியல் அறிக்கையில் இன்று மூன்று வரிகள் தவறாமல் இடம்பெறுகின்றன: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பி, ஹெர்-2. ஒவ்வொன்றின் எதிரிலும் ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்று எழுதப்பட்டிருக்கும். தமிழில் சொன்னால் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. அடுத்த ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு அவர் மாத்திரை உட்கொள்ள வேண்டுமா, நரம்பு வழி மருந்து ஏற்ற வேண்டுமா, கீமோதெரபி தவிர்க்கத்தக்கதா என்பவற்றின் பெரும்பகுதியை இந்த மூன்று சொற்களே தீர்மானிக்கின்றன.

இந்த ‘உண்டு’களும் ‘இல்லை’களும் இயற்கையில் ஆயத்தமாகக் கிடந்தவை போலத் தோன்றும். உண்மையில் அவை ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளின் விளைவு. ஒப்பீடு என்றால் எதை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி உடன் வரும். அக்கேள்விக்கான விடை மாறியபோதெல்லாம் நோயின் வகைகளும் மாறின, பெயர்களும் மாறின. கட்டிகளின் மரபணுச் செயற்பாட்டை ஒப்பிட்ட ஆய்வுகளின் வரலாற்றைப் பெயர்சூட்டலின் வரலாறாகவும் வாசிக்க முடியும்.

மூன்றில் ஒருவர்

1896-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறுவைக்கு அப்பாற்பட்ட நிலையை எட்டிய மார்பகப் புற்றுநோயாளிகளின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கியதை அவர் அதில் விவரித்திருந்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே அப்போது அறியப்படவில்லை. பால் சுரப்புக்கும் சூலகத்துக்கும் தொடர்பு உண்டு என்ற கால்நடை வளர்ப்போரின் அனுபவ அறிவிலிருந்து பீட்சன் தம் ஊகத்தை அமைத்துக்கொண்டார்.

பிற மருத்துவர்களும் இம்முறையைக் கையாண்டனர். 1900 வாக்கில் அவ்வாறு அறுவை செய்யப்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பயன் இருந்தது தெரியவந்தது. இந்த ‘மூன்றில் ஒருவர்’ என்னும் கணக்கில்தான் வகைப்பாட்டின் விதை இருக்கிறது. நோய் ஒன்றே எனில் மருந்து ஏன் ஒருவருக்குப் பலித்து இருவருக்குப் பொய்க்க வேண்டும்? உருப்பெருக்கியில் அம்மூவரின் கட்டிகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரிந்தன.

விடை கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, அது எந்தத் திசுக்களில் தங்குகிறது என்று 1950களின் இறுதியில் தேடினார். கருப்பை போன்ற சில திசுக்கள் மட்டுமே அதைப் பற்றிவைத்துக்கொண்டன. அவற்றில் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் ஒரு புரதம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அவரும் உடனாய்வாளர்களும் இதை மார்பகக் கட்டிகளுக்கு நீட்டித்தனர். ஏற்பி குறைவாக உள்ள கட்டிகள் ஹார்மோன் சுரப்பிகளை அகற்றும் சிகிச்சைக்கு அரிதாகவே இணங்கின. பீட்சன் காலத்து மூன்றில் ஒருவர் யார் என்பதை இனி அறுவைக்கு முன்பே ஓரளவு சொல்ல முடிந்தது.

அதே காலத்தில், 1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் வேதியியலர் டோரா ரிச்சர்ட்சன் தொகுத்த ஒரு சேர்மம் மருத்துவமனையை அடைந்தது. கருத்தடை மருந்தாக எதிர்பார்க்கப்பட்டு அதில் தோற்றுப்போன அச்சேர்மமே பின்னாளின் தமாக்ஸிஃபென். ஏற்பியை அடைக்கும் மருந்தும், ஏற்பியைக் கண்டறியும் சோதனையும் ஒன்றையொன்று பொருளுடையவை ஆக்கின. நோய் முதன்முறையாக இரண்டாகப் பிரிந்தது: ஏற்பி உடையது, ஏற்பி இல்லாதது.

ஒரு மரபணு, மூன்று பெயர்கள்

அடுத்த பிளவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எம்.ஐ.டி.யில் ராபர்ட் வைன்பெர்கின் ஆய்வகம், எலியின் நரம்புக் கட்டிகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை இயல்பான உயிரணுக்களில் செலுத்தி, அவை புற்றுநோய்த் தன்மை அடைவதைக் கண்டது. அவ்வுயிரணுக்களில் புதிதாகத் தோன்றும் ஒரு புரதத்தை 1982-இல் வெளியான கட்டுரை அறிவித்தது. அதன் முதல் ஆசிரியர் லட்சுமி சரண் பாதி. பின்னாளில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். நரம்புக் கட்டியில் கிடைத்ததால் அம்மரபணு ‘நியூ’ எனப்பட்டது. பறவைகளுக்கு இரத்தப் புற்றுநோய் தரும் வைரஸின் மரபணுவோடு அதன் உறவைக் கண்டவர்கள் ‘எர்ப்-பி2’ என்றனர். மனித வளர்ச்சிக் காரணி ஏற்பியோடு அதன் ஒப்புமையைக் கண்டவர்கள் ‘ஹெர்-2’ என்றனர். ஒன்று எலியையும், ஒன்று பறவையையும், ஒன்று மனிதரையும் நினைவூட்டும் மூன்று பெயர்களும் குறித்தது ஒரே மரபணுவை என்பது 1985-ஐ ஒட்டித் தெளிவாயிற்று.

1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் 30 விழுக்காட்டில் இம்மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதையும், அப்பெண்களுக்கு நோய் விரைவில் மீள்வதையும் வெளியிட்டனர். பிற்காலப் பெரும் ஆய்வுகளில் இவ்விகிதம் 15 முதல் 20 விழுக்காடு என்று குறைந்தது. 1998-இல் ஹெர்-2 புரதத்தைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ‘ஹெர்-2 உடையது’ என்பது மிக மோசமான செய்தி என்ற நிலை மாறி, மருந்து உண்டு என்ற செய்தியாயிற்று.

இதுவரை நடந்தவை எல்லாம் ஒவ்வொரு மரபணுவாகத் தேடிய ஆய்வுகள். கேள்வியை ஆய்வாளர் முன்கூட்டியே தேர்ந்துகொண்டார். கட்டி ஆம் என்றோ இல்லை என்றோ விடையளித்தது. கேள்வியைத் தேராமல் கட்டி முழுவதையும் பேசவிட்டால் என்ன ஆகும் என்பது 1990களின் இறுதியில்தான் செய்துபார்க்கத்தக்க ஒன்றாயிற்று.

நார்வேயிலிருந்து வந்த 42 பேரின் திசுக்கள்

ஓர் உயிரணுவின் டி.என்.ஏ.வில் உள்ள எல்லா மரபணுக்களும் எப்போதும் இயங்குவதில்லை. இயங்கும் மரபணு ஆர்.என்.ஏ. படிகளை உண்டாக்குகிறது. எந்த மரபணுவின் படி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் உயிரணு அந்நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறியலாம். ஸ்டான்ஃபோர்டில் பாட்ரிக் பிரவுன் குழுவினர் உருவாக்கிய டி.என்.ஏ. சில்லு இந்த அளவையை ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு ஒரே நேரத்தில் செய்தது. கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாக மரபணுத் துணுக்குகள் பதிக்கப்பட்டன. ஆய்வுக்குரிய திசுவின் ஆர்.என்.ஏ.விலிருந்து பெற்ற படிகளுக்குச் சிவப்பு ஒளிச்சாயமும், ஒப்பீட்டுக்குரிய திசுவின் படிகளுக்குப் பச்சைச் சாயமும் ஏற்றி இரண்டையும் தகட்டின் மீது படரவிட்டனர். எந்தப் புள்ளியில் எந்நிறம் மிகுகிறது என்பதே அளவு. 1995-இல் வெளியான முதல் கட்டுரையில் ஒரு சிறு தாவரத்தின் 45 மரபணுக்கள் மட்டுமே இருந்தன.

ஐந்தே ஆண்டுகளில், 2000 ஆகஸ்டில், சார்லஸ் பெரூவும் அவருடைய உடனாய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் மார்பகக் கட்டிகளின் ‘மூலக்கூறு உருவப்படங்களை’ வெளியிட்டனர். 42 பேரிடமிருந்து பெற்ற 65 திசு மாதிரிகள், 8,102 மரபணுக்கள். கட்டிகளில் பெரும்பாலானவை நார்வேயிலிருந்து வந்தவை.

இந்த ஆய்வில் இரண்டு முடிவுகள் இன்றும் கற்கத்தக்கவை. முதலாவது, ஒப்பீட்டுத் திசுவின் தேர்வு. கட்டியை இயல்பான மார்பகத்தோடு ஒப்பிடுவதே எவருக்கும் முதலில் தோன்றும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஆய்வகத்தில் வளரும் 11 வகை உயிரணுக்களின் ஆர்.என்.ஏ.வைக் கலந்து பொது அளவுகோல் ஒன்றைச் செய்து, ஒவ்வொரு கட்டியையும் அதனோடு வைத்துப் பார்த்தனர். அதனால் ‘கட்டி இயல்பிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘கட்டிகள் தமக்குள் எவ்வாறு வேறுபடுகின்றன’ என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

இரண்டாவது, மரபணுக்களின் தேர்வு. 20 கட்டிகளிலிருந்து இருமுறை திசு எடுக்கப்பட்டிருந்தது: கீமோதெரபி மருந்தான டாக்ஸோரூபிசின் தரும் முன்பும், ஏறத்தாழ 16 வாரச் சிகிச்சைக்குப் பின்பும். ஒரே கட்டியின் இரு மாதிரிகளிடையே கூட மாறும் மரபணு அக்கட்டியின் அடையாளம் ஆகாது. அது காலம், மருந்து, வெட்டிய இடம் ஆகியவற்றின் விளைவாக இருக்கக்கூடும். ஒரே கட்டியின் இரு மாதிரிகளில் ஒத்தும், வெவ்வேறு கட்டிகளில் வேறுபட்டும் இருக்கும் மரபணுவே அடையாளம். இவ்வளவையால் 496 மரபணுக்கள் தேறின. அவற்றுக்கு ‘உள்ளார்ந்த’ மரபணுத் தொகுதி என்று பெயரிட்டனர். மொழியியல் பயின்றவர்க்கு இந்த நெறி புதிதன்று. ஒருவரே ஒரு சொல்லைப் பலமுறை ஒலிக்கும்போது வரும் வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டு, பொருளை வேறுபடுத்தும் ஒலிகளை மட்டும் ஒலியன்களாகக் கொள்ளும் முறையும் இத்தகையதே.

விளைவு வியப்பூட்டியது. கீமோதெரபிக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடுத்தே அமைந்தன. நிணநீர் முடிச்சுக்குப் பரவிய கட்டியும் தன் மூலக்கட்டியின் அருகிலேயே நின்றது. ஒரு பெண்ணின் கட்டி, பல வாரச் சிகிச்சைக்குப் பின்னும், இன்னொரு பெண்ணின் கட்டியைவிடத் தன்னையே ஒத்திருந்தது.

பால்நாளத்தின் உட்புழையை ஒட்டிய உயிரணுக்களைப் போன்ற மரபணுச் செயற்பாடு கொண்டவை ‘லூமினல்’ எனப்பட்டன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடையவை இவற்றுள் அடங்கின. வெளிப்புற அடியடுக்கு உயிரணுக்களின் கெரட்டின் புரதங்களைக் கொண்டவை ‘பேசல் ஒத்தவை’ எனப்பட்டன. ஹெர்-2 மிகுந்தவை ஒரு குழு. இயல்பான மார்பகத் திசுவைப் போலத் தோன்றியவை மற்றொரு குழு. அடியடுக்குக் கெரட்டின் கொண்ட கட்டிகள் உள்ளதை 1980களிலேயே நோயியலர் சிலர் கண்டிருந்தனர். ஆனால் அது தனிக்குழு என்று வலியுறுத்தும் பெயர் அதற்கு வாய்த்திருக்கவில்லை.

மறைந்துபோன பெயர்கள்

அடுத்த ஆண்டே தெரேஸ் சோர்லி முதன்மை ஆசிரியராக வெளியிட்ட கட்டுரை, இக்குழுக்களுக்கும் நோயாளிகளின் வாழ்நாளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. லூமினல் ஏ வகையினர் நெடுநாள் வாழ்ந்தனர்; பேசல், ஹெர்-2 வகையினர் குறைவாக. அக்கட்டுரையில் லூமினல் வகை ஏ, பி, சி என மூன்றாகப் பிரிந்திருந்தது. 2003-இல் மேலும் கட்டிகளைச் சேர்த்து ஆய்ந்தபோது ‘சி’ நிலைக்கவில்லை. பிஆர்சிஏ1 மரபணுப் பிறழ்வைப் பிறப்பிலேயே பெற்ற பெண்களின் கட்டிகள் பேசல் குழுவில் திரண்டன என்ற முக்கியமான முடிவு அதே ஆய்வில்தான் வந்தது. ஒரு பெயர் மறைந்தது. மற்றொரு பெயர் வேர்விட்டது.

‘இயல்பு ஒத்த’ வகையின் கதை இன்னும் தெளிவானது. அந்த மாதிரிகள் பலவற்றில் புற்றுநோய் உயிரணுக்கள் குறைவு. சுற்றியிருந்த கொழுப்பும் இயல்பான திசுவும் மிகுதி. சில்லு அளந்தது கட்டியை மட்டும் அன்று. கத்தி வெட்டி எடுத்த துண்டு முழுவதையும். ஆகவே அப்பெயர் நோயின் வகையைச் சுட்டியதைவிட, மாதிரி எடுத்த விதத்தையே மிகுதியும் சுட்டியது என்ற கருத்து வலுப்பெற்றது.

குழுக்களைக் கண்டறிதல் ஒன்று. புதிதாக வரும் ஒரு பெண்ணின் கட்டியைக் குழுவில் சேர்த்தல் வேறொன்று. இரண்டாவதற்காக 2009-இல் 50 மரபணுக்கள் கொண்ட ‘பாம்50’ கருவி வெளிவந்தது. ஆனால் ஒரு கட்டியில் ஒரு மரபணு ‘மிகுதி’ எனச் சொல்ல, உடன் அளக்கப்பட்ட பிற கட்டிகளின் நடுவளவு தேவை. அந்தக் கூட்டத்தில் ஏற்பி உடையவை மிகுந்திருந்தால் நடுவளவு ஒன்றாகவும், குறைந்திருந்தால் வேறாகவும் அமையும். ஆக, ஒரு கட்டிக்குக் கிடைக்கும் பெயர் ஓரளவு அதன் அண்டைக் கட்டிகளைப் பொறுத்தது. 2010-இல் பிரிட்டா வைகல்ட் குழுவினர், அதுவரை முன்மொழியப்பட்ட மூன்று வகைப்பாட்டுக் கருவிகளை ஒரே நோயாளிகளிடம் செயற்படுத்திப் பார்த்தனர். மூன்றும் உறுதியாக உடன்பட்டது பேசல் வகையில் மட்டுமே. பிற வகைகளில் ஒரு கருவி லூமினல் ஏ என்ற கட்டியை மற்றொரு கருவி வேறாகச் சொன்னது. இயற்கையில் கூர்மையான எல்லை உள்ள இடத்தில் கருவிகள் உடன்பட்டன. சரிவாக மாறும் இடத்தில் கோடு எங்கே என்பதில் வேறுபட்டன.

எழுபது மரபணுக்களும் சிரிப்பும்

வகை தேடாமல் விளைவை மட்டும் தேடிய மற்றொரு மரபும் உடன் வளர்ந்தது. 2002-இல் ஆம்ஸ்டர்டாமின் நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் லாரா வான் டி வேர் குழுவினர், 55 வயதுக்குட்பட்ட, நிணநீர் முடிச்சுக்கு நோய் பரவாத 78 பெண்களின் கட்டிகளை எடுத்துக்கொண்டனர். ஐந்தாண்டுகளுக்குள் 34 பேருக்கு நோய் தொலைவான உறுப்புகளுக்குப் பரவியிருந்தது. 44 பேருக்குப் பரவவில்லை. இரு கூட்டத்தையும் பிரிக்கும் 70 மரபணுக்களைத் தேர்ந்தனர். 2004-இல் அமெரிக்காவில் 21 மரபணுச் சோதனை வந்தது. மெழுகில் பதித்துவைத்த பழைய திசுக்களையே அது பயன்படுத்தியது. 2005-இல் ராட்டர்டாமிலிருந்து 76 மரபணுப் பட்டியல் வந்தது.

70-க்கும் 76-க்கும் பொதுவான மரபணுக்கள் மூன்று மட்டுமே என்பது தெரிந்ததும் கலக்கம் உண்டாயிற்று. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார், ஆம்ஸ்டர்டாமின் அதே தரவிலிருந்து ஒன்றோடொன்று ஒவ்வாத பல எழுபதுகளை எடுக்க முடியும் என்றும், அவை ஏறத்தாழச் சம அளவில் முன்னுரைக்கின்றன என்றும் காட்டினர். 2006-இல் ஐந்து கருவிகளை ஒரே 295 நோயாளிகளிடம் சோதித்தபோது, பட்டியல்கள் வேறாயினும் அவற்றுள் நான்கு பெரும்பாலும் ஒரே தீர்ப்பை வழங்கின. சொற்கள் வேறு, பொருள் ஒன்று.

அப்பொருள் என்ன என்பதை 2011-இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர் மூவர் எள்ளல் கலந்த கடுமையுடன் வெளிப்படுத்தினர். உணவுக்குப் பிந்தைய சிரிப்பால் மாறும் மரபணுக்கள், எலிகளின் சமூகத் தோல்வியால் மாறும் மரபணுக்கள் எனப் புற்றுநோயோடு தொடர்பற்ற பட்டியல்களை எடுத்து அதே 295 நோயாளிகளிடம் சோதித்தனர். அவையும் வாழ்நாளோடு பொருந்தின. குருட்டாம்போக்கில் எடுத்த நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் கொண்ட பட்டியல்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை பொருந்தின. உயிரணுப் பெருக்கத்தின் வேகமே அவற்றின் அடியில் இருந்தது. விரைந்து பெருகும் கட்டியில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து அசைகின்றன. எந்தக் கைப்பிடியை அள்ளினாலும் அவ்வசைவு அதில் தெரியும். ஒரு பட்டியல் வாழ்நாளோடு பொருந்துகிறது என்பதால் அப்பட்டியலே நோயின் காரணத்தைச் சொல்கிறது என்று கொள்ள முடியாது என்பது அந்த ஆய்வு தந்த பாடம்.

எனினும் காரணத்தைச் சொல்லாத கருவி பயனற்றது என்று பொருளாகாது. வானிலை முன்னறிவிப்பு மழைக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 6,693 பெண்களைச் சேர்த்த மிண்டாக்ட் ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. மருத்துவக் குறிகளின்படி ஆபத்து மிகுதி, 70 மரபணுச் சோதனையின்படி ஆபத்து குறைவு என்ற நிலையில் 1,550 பேர் இருந்தனர். அவர்களுள் கீமோதெரபி பெறாதவர்களில் 94.7 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளின் முடிவில் நோய் பரவாமல் இருந்தனர். 2018-இல் வந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வு, 21 மரபணுச் சோதனையில் இடைநிலை மதிப்பெண் பெற்ற 6,711 பெண்களை ஆராய்ந்தது. மொத்தத்தில் ஹார்மோன் சிகிச்சையோடு கீமோதெரபி சேர்ப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று அது கண்டது. 50 வயதும் அதற்குட்பட்டவர்களும் ஆன சிலருக்கு மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. முடி உதிர்வும் வாந்தியும் நரம்புத் தளர்ச்சியும் தரும் ஒரு சிகிச்சையிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இதனால் விலக்குப் பெற்றனர்.

இன்மை, அன்மை, காணாமை

தமிழ் இலக்கணம் எதிர்மறையை ஒரே பொருளில் வைப்பதில்லை. ‘மரம் இல்லை’ என்பது இன்மை. ‘இது மரம் அன்று’ என்பது அன்மை. முன்னது இருப்பை மறுக்கிறது. பின்னது அடையாளத்தை மறுக்கிறது. 2005-ஐ ஒட்டி மருத்துவ இதழ்களில் வழக்குக்கு வந்த ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்ற பெயரை இந்த வேறுபாட்டோடு வைத்துப் பார்ப்பது பயன் தரும். மூன்று ஏற்பிகளும் இல்லாதது என்பது இன்மைக் கூற்று. அதை ஒரு வகையின் பெயராக்கியபோது அது அன்மைக் கூற்றாக, அதாவது ‘மற்ற வகைகள் எதுவும் அன்று’ என்பதாக, மாறிவிட்டது. எவையெல்லாம் அல்ல என்று கழித்தபின் எஞ்சுவது ஒரே பொருளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மரபணுச் செயற்பாட்டு ஆய்வு இதையே மெய்ப்பித்தது. மும்மறை எனப்பட்ட கட்டிகளுள் பெரும்பான்மை பேசல் வகை, எல்லாம் அல்ல. 2011-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 21 தரவுத் தொகுதிகளிலிருந்து 587 மும்மறைக் கட்டிகளைத் திரட்டி, அவற்றுள் ஆறு உள்வகைகள் உண்டு என்றனர். அவற்றில் ஒன்று ஆண்ட்ரோஜன் ஏற்பி மிகுந்தது. மூன்று ஏற்பிகள் இல்லை என்று பெயர் சூட்டப்பட்டதனுள் நான்காவது ஏற்பி ஒன்று இருந்தது. முதல் மூன்றில் அதைப் பற்றி எவரும் கேட்டிருக்கவில்லை. 2016-இல் அதே குழுவினர் ஆறை நான்காகக் குறைத்தனர். நீங்கிய இரண்டும் கட்டிக்குள் புகுந்த நோயெதிர்ப்பு உயிரணுக்களாலும் இணைப்புத் திசுவாலும் எழுந்த தோற்றங்கள் என்று கண்டனர். ‘இயல்பு ஒத்த’ வகையில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது.

இவ்வகை எவருக்கு மிகுதியாக வருகிறது என்ற கேள்வி அறிவியலைத் தாண்டியது. 2006-இல் வெளிவந்த வட கரோலினா ஆய்வு 496 பெண்களைக் கொண்டது. மாதவிடாய் நிற்காத ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களின் கட்டிகளில் 39 விழுக்காடு பேசல் வகை, மாதவிடாய் நின்ற ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 14, பிறரிடம் 16. தமாக்ஸிஃபெனோ டிராஸ்டுசுமாபோ பயன்படாத வகை, ஏற்கெனவே மருத்துவ வசதி குறைந்த சமூகத்தின் இளம் பெண்களிடம் மிகுந்திருந்தது.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளை 2016-இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, மும்மறைக் கட்டிகளின் விகிதம் 31 விழுக்காடு என்று வந்தது. மேலை நாடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் விகிதத்தை விட இது ஏறத்தாழ இருமடங்கு. இந்தியாவில் நோய் கண்டறியப்படும் பெண்களின் வயது குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் இங்கு மூன்றாம் வகை எதிர்மறை ஒன்றும் கலந்திருக்கிறது: காணாமை. ‘இல்லை’ என்பதற்கும் ‘காணப்படவில்லை’ என்பதற்கும் இடையே ஒரு பாட்டில் ஃபார்மலின் நிற்கிறது.

அறுவை அரங்கில் வெட்டி எடுத்த திசு உடனே ஃபார்மலினில் இடப்படாவிட்டால் ஏற்பிப் புரதம் சிதையத் தொடங்கும். சோதனையில் நிறம் ஏறாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 798 கட்டிகளை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட அறிக்கையில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடையவை மூன்றில் ஒரு பங்கே. அதே அறிக்கையில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாமல் புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பி மட்டும் உடைய கட்டிகள் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். இது சிந்திக்க வைக்கும் எண். புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பியின் மரபணுவைப் பொதுவாக இயக்குவதே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். மகன் வீட்டில் இருக்கிறான், தாய் இருந்ததே இல்லை என்று ஊரில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு சொன்னால், தேடியவர் சரியாகத் தேடவில்லையோ என்ற ஐயம் எழுவது இயல்பு. வேறு ஆய்வுகளில் இத்தகைய கட்டிகள் நூற்றில் சிலவே.

2010-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களும் நோயியலரும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இடப்பட வேண்டும் என்றது. குறைந்தது 6 மணி, மிகுந்தால் 72 மணி அதில் இருக்கலாம் என்றது. ஒரு விழுக்காடு உயிரணுக்களில் நிறம் ஏறினாலே ஏற்பி உண்டு எனக் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முன் பல ஆய்வகங்களில் எல்லை பத்து விழுக்காடு. இரு எல்லைகளுக்கும் இடையே இருந்த பெண்கள், தங்கள் உடலில் எந்த மாற்றமும் இல்லாமலே, ‘இல்லை’யிலிருந்து ‘உண்டு’க்கு நகர்ந்தனர். பிழையாக ‘இல்லை’ என எழுதப்படும் ஒவ்வோர் அறிக்கையும், மிக மலிவான, நெடுநாள் பயன்தரும் தமாக்ஸிஃபென் மாத்திரையை ஒரு பெண்ணிடமிருந்து விலக்கிவைக்கிறது.

மரபணுச் சோதனைகள் பெரும்பாலோர்க்கு எட்டாத விலையில் இருப்பதால், உலகின் பெரும்பகுதியில் இவ்வகைகள் பதிலிகளைக் கொண்டே அறியப்படுகின்றன. 2011-இல் செயின்ட் காலன் மாநாட்டு வல்லுநர்கள், மூன்று ஏற்பிகளோடு பெருக்கத்தைக் காட்டும் கி-67 என்ற புரதத்தையும் சேர்த்து, மரபணுச் சில்லு இல்லாமலே லூமினல் ஏ, பி எனப் பிரிக்க வழிகாட்டினர். சில்லில் பிறந்த பெயர்கள் இவ்வாறு மீண்டும் உருப்பெருக்கிக்கே திரும்பின. ஆகவே மாவட்ட மருத்துவமனையின் ஃபார்மலின் பாட்டிலும், திசு அதில் இடப்பட்ட நேரத்தைக் குறிக்கும் சீட்டும், எட்டாயிரம் மரபணுக்களை அளந்த சில்லைப் போலவே இந்த வகைப்பாட்டின் கருவிகள்.

‘இல்லை’ பிளவுபட்ட ஆண்டு

2012-இல் இரண்டு பேராய்வுகள் வகைப்பாட்டை விரித்தன. அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டம் 800-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளைப் பல வழிகளில் அளந்து, பேசல் வகை பிற மார்பகக் கட்டிகளை விடச் சூலகப் புற்றுநோயின் ஒரு வகையோடு நெருக்கமான பண்புகள் கொண்டது என்றது. கேம்பிரிட்ஜும் வான்கூவரும் முன்னின்று நடத்திய மெட்டாப்ரிக் ஆய்வு, ஏறத்தாழ 2,000 கட்டிகளில் மரபணுப் படிகளின் எண்ணிக்கையையும் செயற்பாட்டையும் சேர்த்துப் பார்த்துப் பத்துக் குழுக்களை முன்வைத்தது. ஆனால் மருத்துவமனை அறிக்கையில் பத்து வரிகள் வரவில்லை. மருந்து மாறாத இடத்தில் பெயர் நிலைப்பதில்லை.

இதன் மறுதலை 2022-இல் நடந்தது. ஹெர்-2 சோதனையில் மங்கலாக மட்டும் நிறம் ஏறும் கட்டிகள் அதுவரை ‘நெகட்டிவ்’ என்றே எழுதப்பட்டன. டிராஸ்டுசுமாபோடு கீமோதெரபி மருந்தைப் பிணைத்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான், அத்தகைய கட்டி முற்றிய நிலையில் இருந்த 557 பேரிடம் ஆராயப்பட்டது. வழக்கமான கீமோதெரபி பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 16.8 மாதங்கள், புதிய மருந்து பெற்றவர்களுக்கு 23.4 மாதங்கள். ‘ஹெர்-2 குறைவு’ என்ற புதிய பெயர் பிறந்தது. ஏறத்தாழப் பாதி மார்பகக் கட்டிகள் இதில் அடங்கும். மரபணுச் செயற்பாட்டை ஒப்பிட்டவர்கள் இவற்றைத் தனிவகையாகக் காணவில்லை. ஏற்பிகளின்படி அவை பல வகைகளில் சிதறியே கிடந்தன. இயற்கை வரையாத கோட்டை மருந்து வரைந்தது.

ஆகவே இந்நோயின் பெயர்கள் இருவேறு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. கட்டிகள் தமக்குள் எவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் உள்ளன என்பது ஒன்று; கட்டிக்கு எதைச் செய்ய முடியும் என்பது மற்றொன்று. பேசல் என்பது முதலாவதிலிருந்து வந்தது. ஹெர்-2 குறைவு என்பது இரண்டாவதிலிருந்து. இரண்டும் ஒரே அறிக்கையில், ஒரே எழுத்தில், அடுத்தடுத்த வரிகளாக அச்சாகின்றன. அவற்றைப் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் ஒவ்வொரு ‘இல்லை’யிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எதனோடு ஒப்பிட்டு இல்லை? எந்த எல்லைக்குக் கீழ் இல்லை? திசு எத்தனை மணிக்கு ஃபார்மலினில் இடப்பட்டது?